திருவிளக்கில் எந்த எண்ணெய்?

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களுள் முதலாவதாகிய சரியையில் நின்று செய்யும் தொண்டுகளாகத் திருவலகிடல், திருமெழுக்கிடல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடல் முதலியவற்றைச் சைவ நூல்கள் கூறுகின்றன. இவற்றுள் ஏனைய தொண்டுகளுக்கு உடலில் வலு வேண்டும், பழக்கம் வேண்டும், விடியற்காலையில் எழும்ப வேண்டும். விளக்கிடுதல் மட்டும் சிறு பிள்ளைக்கும் இயலும். தள்ளாத வயதினருக்கும் இயலும். வெளிநாட்டிலிருந்து இரு கிழமை விடுமுறையில் வந்து நிற்பவருக்கும் இயலும். அதனாற்போலும் எமது ஆலயத்தில் இத்தொண்டு ஆண்டுதோறும் வளர்ந்து வருகின்றது. வெள்ளிக்கிழமைகளில் நெய்விளக்கு, செவ்வாயிலும் வெள்ளியிலும் இராகு காலத்தில் துர்க்கை அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்கு, புரட்டாதிச் சனியில் எள்ளெண்ணெய்ச் சட்டி, கார்த்திகையில் விளக்கீடு என்று சுடர் எரியாத நாளே கோயிலில் இல்லை எனலாம்.

விளக்குகளின் தொகை பெருகிய அளவுக்கு, அவற்றினுள் ஊற்றப்படுவது எது என்ற விசாரணை பெருகியதாகத் தெரியவில்லை. அடியார்கள் கொண்டுவந்து மண்டபத்து மூலையில் வைக்கும் போத்தல்களை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நின்று பார்த்தாற் போதும். நல்லெண்ணெய் இருக்கும். வீட்டுத் தேங்காயைக் காயவைத்து ஆட்டுவித்த எண்ணெய் இருக்கும். அவற்றோடு, சாமி படம் ஒட்டிய பிளாஸ்ரிக் போத்தலில், மணமும் நிறமும் இல்லாத ஒரு திரவமும் இருக்கும். விளக்கேற்றுவதற்கு மாத்திரம் என்று அதில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது எந்த வித்தின் எண்ணெய் என்று எழுதியிராது. வடை பொரித்து மிஞ்சிய எண்ணெய் வடித்து நிரப்பப்பட்டு வருவதும் உண்டு. எல்லாம் ஒரே தகரத்துள் ஊற்றப்பட்டு, அதிலிருந்தே சுவாமிக்கும் பரிவாரங்களுக்கும் எடுக்கப்படுகின்றது. எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்தது. இன்று அந்தத் தகரத்துள் எள் எத்தனை பங்கு என்பதை ஆண்டவனே அறிவார்.

இதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் உடனே ஒரு விடை வரும். நமிநந்தியடிகள் தண்ணீரால் விளக்கெரித்தார். கணம்புல்லர் புல்லால் எரித்தார். ஆண்டவன் எண்ணெயின் சாதியா பார்க்கின்றான், அடியாரின் மனத்தையல்லவா பார்க்கின்றான் என்பதே அந்த விடை. படித்தவர்களும் இதைச் சொல்கின்றார்கள். இவ்விடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொருளின் உயர்வு தாழ்வை வைத்து அன்பை அளப்பது சைவநெறி ஆகாது. ஆனால் அந்த அடியார்களின் வரலாறுகளை முழுமையாக நினைத்துப் பார்த்தால், அவை இந்த விடைக்குத் துணைபோகின்றனவா என்பது ஐயத்துக்குரியது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்திலே விளக்குத் தொண்டால் வீடுபெற்றோராக மூவரைச் சிறப்பாகக் காண்கின்றோம். நமிநந்தியடிகள் ஏமப்பேறூரில் வாழ்ந்தவர். திருவாரூர் அரநெறியில் வழிபட்டு நின்றபோது மாலைப் பொழுதாயிற்று. விளக்கேற்ற நெய் வேண்டி அருகிலிருந்த வீட்டுக்குச் சென்றார். கையிலே நெருப்பை ஏந்திய உங்கள் கடவுளுக்கு விளக்கு எதற்கு, வேண்டுமானால் தண்ணீரை விட்டு எரியும் என்று அங்கிருந்தவர்கள் எள்ளினார்கள். அவர் திரும்பிவந்து திருமுன் விழுந்து வருந்தினார்; அருள்வாக்கின்படி குளத்து நீரை முகந்து ஊற்றி ஏற்றினார்; விடியுமட்டும் விளக்கு நின்றெரிந்தது. அவர் முதலில் தேடிப் போனது நெய் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். மலிவாயிருக்கின்றது என்று தண்ணீரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைக்க வேண்டியது கிடைக்காதவிடத்து இறைவன் காட்டிய வழி அது.

கணம்புல்லர் பெருஞ் செல்வராயிருந்து வறுமையுற்றவர். தில்லையிலே கணம்புல்லை அரிந்து விற்று, அந்த விலைக்கு நெய் வாங்கி விளக்கிட்டார். ஒருநாள் புல் விலைப்படவில்லை. அந்தப் புல்லையே திரித்து எரித்தார். வழக்கமாக எரிக்கும் நேரம்வரை அது காணாது போகவே தமது தலைமயிரை விளக்கில் மடுத்து எரித்தார்.

மூன்றாமவர் கலிய நாயனார், திருவொற்றியூரில் செக்குத் தொழில் செய்த வணிகர். எண்ணெய் வணிகருக்கே எண்ணெய் இல்லாமற் போகும்படி இறைவன் சோதித்தான். பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்று விளக்கிட்டார். அதுவும் நின்றபோது கூலிக்குச் செக்காட்டினார். அந்தக் கூலியும் கிடையாதபோது வீட்டை விற்றார். பின்னர் மனைவியாரை விற்க ஊரெல்லாம் கூறித் திரிந்தார் என்கின்றது புராணம். இக்காலத்தில் இதைப் படிக்கும் எவருக்கும், சிறப்பாகப் பெண்களுக்கு, இந்த இடம் நெருடத்தான் செய்யும், நெருடவும் வேண்டும். ஆனால் கதை அடுத்து எங்கே போகின்றது என்று பார்க்க வேண்டும். மனைவியாரை வாங்க அந்நகரில் ஒருவரும் முன்வரவில்லை. அந்த வழியை இறைவன் திறக்கவில்லை. எண்ணெய்க்கு ஈடாகத் தமது கழுத்து இரத்தத்தையே நிறைக்கத் துணிந்து அவர் கருவியைத் தம்மேல் வைத்த பின்னரே பெருமான் வெளிப்பட்டு அந்தக் கையைப் பிடித்தான். விளக்கின் செலவை இன்னொருவர்மேல் சுமத்த முயன்றவரை அவர் முயற்சி கைகூடவில்லை. தம்மேல் ஏற்றுக்கொண்ட கணத்திலேயே கைகூடியது. எனது சிற்றறிவுக்கு எட்டிய பொருள் இதுவே. கற்றறிந்தோர் வேறு பொருள் கூறுவராயின் கேட்கக் காத்திருக்கின்றேன்.

தண்ணீர், புல், மயிர், குருதி என்று எதை எரித்தாலும் அந்த மூவரும் எரித்தது தமக்குரியதை. பக்கத்தில் நின்றவரின் மூச்சை அவர்கள் எரிக்கவில்லை. எனவே எண்ணெய் எதுவானால் என்ன என்று கேட்போர், இந்த எண்ணெயால் வரும் புகையும் ஆபத்தும் யாரைச் சேர்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

யாரைச் சேர்கின்றன? மூலஸ்தானத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கருங்கல்லாலோ சீமெந்தாலோ ஆன சிறு அறை, ஒரே வாசல், யன்னல் இல்லை. ஆகம விதிப்படி அது அப்படித்தான் இருக்க வேண்டும். நாங்கள் வாசலுக்கு வெளியே சில நிமிடம் நின்று கைகூப்பிவிட்டுக் காற்றோட்டமான வீதிக்கு வந்துவிடுகின்றோம். குருக்களோ அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை என்று மணிக்கணக்காக உள்ளே நிற்கின்றார். திருவிழாக் காலத்தில் காலையும் மாலையும் நிற்கின்றார். உள்ளே எரியும் சரவிளக்கும் தூண்டாமணி விளக்கும் புகைக்குமாயின் அந்தப் புகை முழுவதும் அவருடைய நெஞ்சுக்கே போகும். விக்கிரகத்தின் மேலும் மேற்சுவரிலும் படியும் கரியைத்தான் நாம் காண்கின்றோம். கும்பாபிஷேகத்துக்குப் பூசிய வர்ணம் சில ஆண்டுகளிலேயே கறுத்துவிட்டதென்று சபைக் கூட்டத்தில் குறைசொல்வோர், அதே கரி ஒரு மனிதரின் மூச்சுப்பையிலும் படியும் என்பதை எண்ணுவதில்லை. அவரும் அதைச் சொல்வதில்லை. சுவாமிக்கு எரியும் விளக்கைக் குறைசொல்ல அவருக்கு மனம் வராது. பேசமாட்டாதவர்மேல் ஏற்றப்படும் சுமை என்பதனாலேயே இது தர்மக் கேள்வியாகின்றது.

அடுத்து, சுடர் வரிசையாக எரியும் இடத்தில் குனிந்து விளக்கேற்றும் பெண்கள். முன்னாளில் பருத்திச் சேலை. இப்போது பெரும்பாலும் நைலோனும் பொலியெஸ்ரரும். அவை தீப்பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டுப்பாவாடையோடு ஓடித் திரியும் பிள்ளைகள், சிந்திய எண்ணெயில் வழுக்கி விழும் முதியோர் என்று இன்னும் சொல்லலாம்.

இனி எண்ணெய்களுக்கு வருவோம். பசு நெய்யை முதலாவதாகவும் நல்லெண்ணெயை அடுத்ததாகவும் வைப்பது பெரியோர் வழக்கு. தமிழகத்துச் சோழர் காலக் கல்வெட்டுக்களில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விட்ட செய்தி பல இடங்களில் வருகின்றது. ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடும் சாவும் போகக் குட்டிகளால் மந்தை குறையாமல் நிற்கும் என்பதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றார்கள். இதில் நான் வியப்பது நெய்யின் உயர்வை அல்ல. ஒரு விளக்கு எரிய வேண்டுமென்றால் அதற்கான நெய் எங்கிருந்து வரும், யார் உழைப்பார், அவருக்கு என்ன மிஞ்சும் என்பதெல்லாம் கல்லில் வெட்டுமளவுக்கு முன்கூட்டியே எண்ணப்பட்டிருக்கின்றது. எங்கள் நாட்டிலும் தெதிகம கொட்டவெஹெரவிலே கண்டெடுக்கப்பட்ட 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கு உண்டு. யானையின் வயிற்றிலே எண்ணெய் இருக்கும்; தட்டில் எண்ணெய் மட்டம் இறங்கினால் காற்று உட்புகுந்து, குறைந்த அளவு மட்டும் தானே வடிந்து நிரம்பும்; நிரம்பியதும் நின்றுவிடும். சிந்தாமலும் வழியாமலும் எரிய வேண்டும் என்று ஒரு கன்னான் எவ்வளவு யோசித்திருக்கின்றான்!

இன்று அசல் பசு நெய் எல்லோருக்கும் இயலாது. நெய்விளக்கு என்ற பெயரில் எரியும் பலவற்றில் இருப்பது வனஸ்பதி என்பதும் இரகசியம் அன்று. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயுமே எமக்கு நடைமுறையில் உகந்தவை. இவை பாதுகாப்பானவையுங்கூட. இரண்டும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிட 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். அதனால்தான் நல்லெண்ணெய்ச் சிட்டிக்குள் எரியும் தீக்குச்சி விழுந்தால் குச்சி நூர்ந்துவிடுகின்றது; திரியின் நுனி ஒன்றுதான் எரிகின்றது. மண்ணெண்ணெய்க்கோ 38 பாகைக்குச் சற்று மேலே போனாலே போதும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த போத்தலும், விளக்கின் அருகே வைத்த தகரமும் அந்த நிலையை எட்டிவிடும். அதிற் சிறிது பெற்றோலும் கலந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

மண்ணெண்ணெயை ஆர் சுவாமிக்கு எரிக்கிறார்கள் என்று கேட்கலாம். தனியாக எரிப்பார் இல்லை. ஆனால் மார்கழித் திருவெம்பாவைக் காலத்து அதிகாலைக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், திரி பற்றாது. பூசைக்கு நேரமாகின்றது என்ற அவசரத்தில் இரண்டு கரண்டி மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கின்றது. சுவாமி வெளிவீதி வரும்போது பிடிக்கும் பந்தத்துக்கும், விளக்கீட்டன்று சந்தி தோறும் கொளுத்தும் பந்தத்துக்கும், சட்டெனப் பற்ற வேண்டும் என்று இதையே செய்கின்றார்கள். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலிலும் வைக்கும் சிறு பந்தங்கள் முன்னர் தேங்காயெண்ணெயில் தோய்ந்து அடக்கமாக எரிந்தன. இப்போது குப்பென்று எழுந்து பிள்ளையின் புருவத்தைக் கருக்குகின்றன. உறைந்த எண்ணெய்க்கு வழி மண்ணெண்ணெய் அன்று. மார்கழிக்கு நல்லெண்ணெயைப் பாவித்தால் அது உறையாது. அல்லது தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துள் சிறிது நேரம் வைத்தெடுத்தாற் போதும்.

மண்ணெண்ணெய்த் திரிவிளக்கில் எரியும் எண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்குவரை எரியாத கரித்துகளாகக் காற்றில் கலக்கின்றதென ஆய்வாளர் அளந்து கூறியுள்ளனர். வீட்டிலே மண்ணெண்ணெய் எரிப்பதைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகின்றது. காற்றோட்டமான வீட்டுக்கே இப்படியென்றால் மூலஸ்தானத்துக்கு என்ன சொல்வது?

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நன்றிகெட்ட செயலாகும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்கமாட்டார். ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டையில் நூற்றிரியைக் கோத்து எரித்த அந்தச் சிறு விளக்கின் முன்னால் ஒரு தலைமுறை படித்துத் தேறியது. அந்தக் காலத்தில் பல கோயில்களில் ஒற்றைத் திரியே எரிந்தது. எண்ணெய் இல்லாதவிடத்து அந்த ஜாம் போத்தல் விளக்கே சுவாமிக்கு முன்னும் இருந்தது. அது குற்றமா? குற்றமே அன்று. ஆபத்துக் காலத்துக்கென ஒரு தர்மம் உண்டு. நமிநந்தியடிகளின் தண்ணீரோடு வைத்து எண்ணத்தக்கது அந்த விளக்கு. ஆனால் வேறு வழியில்லாத காலத்தில் ஏற்றதைக் காட்டி, கடையிலே நல்லெண்ணெய் அடுக்கி வைத்திருக்கும் காலத்தில் நியாயம் பேச முடியாது.

அக்காலத்திலும் அதன் பின்னரும் இலங்கை முழுவதிலும் குப்பி விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டோர் அநேகர். மெல்லிய போத்தல், இறுக்கமில்லாத மூடி, கை பட்டால் உருளும் வடிவம். இத்தகைய காயங்களோடு வருவோரைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மாமைற் போத்தலின் குள்ள வடிவத்தைப் பார்த்து ஒரு விளக்கை அமைத்தார். பாரமான தடித்த கண்ணாடி, சரிந்தாலும் உருளாதபடி தட்டையான பக்கங்கள், திருகி இறுக்கும் உலோக மூடி. சுதீபா என்ற பெயருடைய அந்த விளக்குக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. மண்ணெண்ணெயை விட முடியாத ஏழை வீட்டுக்கு, அதை விடாதே என்றோ விட்டுவிடு என்றோ உபதேசம் செய்யாமல், உருளாத ஒரு போத்தலைக் கொடுத்தார். இதனை நான் திருவிளக்குத் தொண்டு என்றே கருதுகின்றேன். அவர் எந்தச் சமயத்தவர் என்பது இங்கே வேண்டியதில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு. 2021ஆம் ஆண்டு பங்குனியில், இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் அஃப்லாரொக்சின் என்னும் நச்சுப்பொருள் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரபரப்பானது. அப்போது, சமைக்கத்தானே கூடாது, கோயில் விளக்குக்கு விடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. உண்ணத்தகாதது விளக்குக்கும் ஆகாது என்று சிலர் மறுத்தார்கள். இந்த மறுப்பும் முழுச்சரி அன்று. இலுப்பெண்ணெயையும் வேப்பெண்ணெயையும் நாம் கறிக்கு விடுவதில்லை. புன்னைக்கொட்டை எண்ணெயும் முன்னாளில் விளக்கெரித்தது. இலுப்பெண்ணெய் விளக்கு சிவாலயங்களில் மிக விசேடமாகப் போற்றப்பட்டது. ஆகவே வாய்க்கு ஆகுமா என்பது அளவுகோல் அன்று. நமக்கு வேண்டாமென்று கழித்ததனால் மட்டும் ஒரு பொருள் சுவாமியிடம் வருகின்றதா என்பதே அளவுகோல். வடை பொரித்த எண்ணெய்க்கும் இதுவே விடை. அதில் மாவும் உப்பும் கரைந்து கிடப்பதால் படபடவென்று வெடித்துப் புகைக்கும் என்பது வேறு. கோயிலை வீட்டின் கழிவுப் பாத்திரமாக எண்ணிய எண்ணம் அதற்கும் முன்னரே புகைந்துவிட்டது.

இனி, கடினமான பகுதிக்கு வருகின்றேன். மேற்கூறியவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு, நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தவிர ஏனையவை ஏற்கப்படமாட்டா என்று வாசலில் ஒரு பலகை எழுதிப் போட்டுவிடலாம். எழுதுவது எளிது. கூலிவேலை முடித்து, கடையில் ஆக மலிவான விளக்கெண்ணெய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு ஓடிவரும் ஒரு தாயை அந்தப் பலகை வாசலிலேயே மறிக்கும். 2022ஆம் ஆண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியதையும், 2024 இறுதியிலிருந்து தேங்காய் விலை ஏறி எண்ணெயும் கூடவே ஏறியதையும் கண்டவர்கள் நாங்கள். பணமுள்ளவரின் விளக்கு மட்டும் எரியும் கோயிலாக எமது கோயில் ஆகிவிடக்கூடாது. குருக்களின் மூச்சைக் காக்கப் போய் இந்தத் தாயின் முகத்தை வாடச் செய்தால், சுமையை ஒருவரிடமிருந்து இறக்கி இன்னொருவர்மேல் வைத்ததாகவே முடியும்.

எனது அபிப்பிராயம் இது. குறைக்க வேண்டியது எண்ணிக்கையை. 108 விளக்கு, 1008 விளக்கு என்று நேர்ந்துகொள்வதால்தான் மலிவான எண்ணெய் தேவைப்படுகின்றது. ஒரு சிட்டியில் இரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் ஒரு பூசை முடியுமட்டும் எரியும். அதற்காகும் செலவு மலிவுப் போத்தல் ஒன்றின் விலையிலும் குறைவு. கோயில் நல்லெண்ணெயை மொத்தமாக வாங்கி வைத்து, கரண்டிக் கணக்கில், இயன்றவர் இயன்றதை உண்டியலில் இடும்படி கொடுக்கலாம். இல்லாதவர் இடாமலே ஏற்றலாம். யார் இட்டார், யார் இடவில்லை என்று பார்க்க அங்கே ஒருவரை நிறுத்தக்கூடாது. போத்தலோடு வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்பாமல், அதை வெளிவீதிப் பந்தலின் காற்றோட்டமான இடத்தில் தனியாக எரிக்கலாம். பெயரில்லா எண்ணெய் மூலஸ்தானத்துள் போகாதிருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது. எள்ளெண்ணெய்ச் சட்டிகளையும் சனீஸ்வரன் சந்நிதிக்கு முன்னாலுள்ள திறந்த வெளிக்கு மாற்றலாம். எள்ளுப் பொட்டலம் எரியும்போது எந்த நல்லெண்ணெயும் புகைக்கவே செய்யும். அந்தப் புகை மேலே போக வழி வேண்டும்.

இதற்கெல்லாம் மின்குமிழ் விளக்கை மாட்டிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கின்றார்கள். பிரகாரத்துக்கு வெளிச்சம் வேண்டிய இடத்தில் மாட்டுங்கள். அதனால் ஆபத்துக் குறையும். ஆனால் சுவாமிக்கு முன் ஏற்றுவது வெளிச்சத்துக்காக மட்டும் அன்று. ஒருவர் கையால் எண்ணெய் விட்டு, திரி இட்டு, அது எரிந்து தீருமட்டும் கவனித்திருக்கும் தொண்டு பொத்தானை அழுத்துவதில் இல்லை.

கவனித்திருத்தல் என்றதும் திரியின் நினைவு வருகின்றது. நல்ல எண்ணெயும் கெட்ட திரியால் புகைக்கும். தடித்த திரி தன்னால் எரிக்க முடிந்ததிலும் கூடுதலான எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவரும். காற்றுப் போதாமல் அது கரியாகும். நெல்லின் அளவுக்கு மேல் நுனி வெளியே நிற்க வேண்டியதில்லை. கருகிய நுனியை அவ்வப்போது கிள்ள வேண்டும். பருத்தி நூலும் பஞ்சும் மட்டுமே திரிக்கு ஆகும். பழைய பொலியெஸ்ரர்த் துணியைக் கிழித்துத் திரித்தால் அது உருகி நாறும். திருமறைக்காட்டிலே நெய் குடிக்க வந்த எலியின் மூக்குப் பட்டுத் திரி தூண்டப்பட, அந்த எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது வரலாறு. அறியாமற் தூண்டிய எலிக்கே அப்பேறு என்றால், அறிந்து திரி கிள்ளுவோருக்கு ஒரு குறையும் வராது. எமது கோயிலிலோ ஏற்றுவதற்கு நூறு பேர் நிற்கின்றார்கள். ஏற்றியதைத் திரும்பிப் பார்க்க ஒருவரும் இல்லை.

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் சீறிப் பரவும். விளக்கு மண்டபத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு ஈரச்சாக்கும் எப்போதும் இருக்க வேண்டும். மூடி நூர்ப்பதே வழி. தேங்காயெண்ணெயில் கலப்பு உண்டோ என்று ஐயமிருந்தால் ஒரு சிறு போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். அசல் எண்ணெய் முழுவதும் வெண்மையாக உறையும். கலப்பு எண்ணெயில் பெரும்பாலும் ஒரு பகுதி நீர்போல மேலே நிற்கும்.

கடைசியாக இலுப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கிலும் கிழக்கிலும் கோயில் வீதிகளில் இலுப்பை நின்றது நிழலுக்காக மட்டும் அன்று. விளக்குக்கு எண்ணெயும் தலைக்கு அரப்பும் அதுவே தந்தது. மன்னார்ப் பக்கத்து இலுப்பைக்கடவை போன்ற ஊர்ப்பெயர்கள் அதன் செழிப்பைச் சொல்லும். கோயில் தன் விளக்குக்குத் தானே மரம் வளர்த்த காலம் அது. பலவிடங்களில் அந்த மரங்கள் போரிலும் விறகுக்கும் போய்விட்டன. இலுப்பைக் கன்று காய்க்கப் பத்தாண்டுக்கு மேல் செல்லலாம். எமது ஆலயத்தின் மேற்கு வீதியில், தேர் திரும்பும் இடத்துக்கு இடைஞ்சலில்லாமல், இரு கன்றுகளுக்கு இடம் பார்த்திருக்கின்றோம். ஆடு மாடு கடிக்காமல் வேலி அடைக்கக் கதியாலும் கம்பியும் தேவை. உதவ விரும்புவோர் கொடியேற்றத்துக்கு முன் ஆலயத்தில் தெரிவித்தால் மழைக்கு முன் குழி வெட்டிவிடலாம்.